ரத்தப் பிரிவு வேறு, ஆனாலும் முழுப் பொருத்தம்: ஸ்டெம் செல் மாற்றில் ரத்த வங்கி போடும் கணக்கு

அக்காவுக்கு ஓ பாசிட்டிவ், தம்பிக்கு ஏ பாசிட்டிவ். தம்பிக்கு ரத்தப் புற்றுநோய் வந்து ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை தேவைப்படுகிறது. இருவரையும் பரிசோதித்த மருத்துவர்கள் “அக்கா முழுப் பொருத்தம்” என்கிறார்கள். ரத்தப் பிரிவே வேறாயிற்றே என்று குடும்பம் திகைக்கிறது. “சில மாதத்தில் தம்பியின் பிரிவும் ஓ ஆகிவிடும்” என்று கேட்கும்போது திகைப்பு கூடுகிறது. கூடவே ஒரு கட்டுப்பாடும் வருகிறது: “மாற்று சிகிச்சைக்கு முன் அவருக்கு ரத்தமோ பிளேட்லெட்டோ ஏற்ற நேர்ந்தால் வீட்டார் யாரும் கொடுக்க வேண்டாம்.” ஸ்டெம் செல்லுக்கு வீட்டார் வேண்டும், ரத்தத்துக்கு வீட்டார் கூடாதா?

மூன்று கேள்விக்கும் விடை ரத்த வங்கியில் இருக்கிறது. ‘மாற்று சிகிச்சை’ என்ற சொல் அறுவை அரங்கை நினைவூட்டினாலும், நோயாளியின் உடலில் கத்தி படுவதில்லை. ரத்த அணுக்களை உற்பத்தி செய்யும் ஸ்டெம் செல் நிறைந்த ஒரு பையைத் தொங்கவிட்டு, ரத்தம் ஏற்றுவதைப் போலவே நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். இந்தச் சிகிச்சையைச் சாத்தியமாக்கிய அறிவில் பெரும்பகுதியும் ரத்தம் ஏற்றும்போது நேர்ந்த தவறுகளிலிருந்து வந்ததுதான். நெதர்லாந்தின் லைடன் நகரில் ரத்த வங்கியை நடத்திய ஆய்வாளர் யோன் வான் ரோட் (1926–2017) வாழ்நாள் முழுக்க இந்த இரு துறைகளையும் ஒன்றாகவே பார்த்தார். அவர் போன வழியில் போனால் விஷயம் எளிதாகப் புரியும்.

## ஒரு பை ரத்தத்தில் யார் யார் இருக்கிறார்கள்

ஒருவர் கொடுக்கும் 450 மி.லி. ரத்தத்தில் மூன்று வகை அணுக்கள் இருக்கின்றன. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். பிளேட்லெட் எனப்படும் தட்டணு 7 முதல் 10 நாள் வாழும். மூன்றாவது வகை வெள்ளணு. ஒரு பையில் அது 100 கோடிக்கும் மேல் இருக்கும். ரத்தம் கேட்பவர் யாரும் வெள்ளணுவைக் கேட்பதில்லை. அது கூடவே வந்து சேரும் பயணி. ரத்தம் ஏற்றுவதில் வரும் சிக்கல்களில் கணிசமானவை இந்தப் பயணியால் வருபவை.

இந்த அணுக்களின் மேல் இரண்டு வகை அடையாளங்கள் உண்டு.

1. ஏபிஓ அடையாளம். 1901-ல் கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் விவரித்தது. சிவப்பணுவின் மேல் நெருக்கமாக இருக்கும். ரத்தக் குழாயின் உட்சுவரிலும் மற்றத் திசுக்களிலும்கூட உண்டு. இதற்கு எதிரான ஆன்டிபாடி (எதிர்ப்பொருள்) பிறந்த சில மாதங்களில் தானாகவே உருவாகிவிடும். ஏ பிரிவினரின் பிளாஸ்மாவில் (அணுக்கள் மிதக்கும் ரத்தத் திரவம்) ஆன்டி-பி இருக்கும். ஓ பிரிவினருக்கு ஆன்டி-ஏ, ஆன்டி-பி இரண்டும் இருக்கும்.

2. எச்.எல்.ஏ. அடையாளம். வெள்ளணுவிலும், உட்கரு உள்ள ஏறத்தாழ எல்லா அணுக்களிலும் இருக்கும். பிளேட்லெட்டுக்கு உட்கரு இல்லை, ஆனாலும் எச்.எல்.ஏ.யில் முதல் வகுப்பு மட்டும் அதன் மேல் உண்டு. முதிர்ந்த சிவப்பணுவில் இது இல்லை என்றே சொல்லலாம். இதற்கு எதிரான ஆன்டிபாடி தானாக வராது. அந்நிய அணு உடலுக்குள் வந்தால்தான் வரும்.

சிவப்பணு ஏற்றும்போது ஏபிஓ பொருத்தத்தைப் பார்க்கிறார்கள், எச்.எல்.ஏ.யைப் பார்ப்பதில்லை. ஸ்டெம் செல்லில் நிலைமை தலைகீழ். ரத்தம் உற்பத்தி செய்யும் ஸ்டெம் செல்லின் மேல் ஏபிஓ அடையாளம் பொருட்படுத்தும் அளவில் இல்லை; எச்.எல்.ஏ. இருக்கிறது.

## லைடன், 1958

பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் ஏற்றிய ஒரு பெண்ணுக்குக் கடுமையான எதிர்வினை வந்தது. ஏபிஓ பொருத்தம் சரியாகவே இருந்தது. கருவிலிருந்த குழந்தையின் வெள்ளணுக்களே தாயின் உடலை உசுப்பிவிட்டிருக்க வேண்டும் என்று வான் ரோட் ஊகித்தார். குழந்தை தன் எச்.எல்.ஏ.யில் பாதியைத் தந்தையிடமிருந்து பெறுகிறது. தாய்க்கு அந்தப் பாதி அந்நியம். பிரசவத்தின்போது குழந்தையின் அணுக்கள் தாயின் ரத்தத்தில் கலக்கின்றன. தாய் அதற்கு எதிராக ஆன்டிபாடி உருவாக்குகிறாள். குழந்தை பெற்ற பெண்களின் சீரத்தை (ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீர்) பிறருடைய வெள்ளணுவோடு கலந்து பார்த்தபோது, பலருடைய சீரம் வெள்ளணுக்களை ஒட்டித் திரள வைத்தது. 1958-ல் இது வெளியானது. அதே ஆண்டு பாரிஸில் ஜான் டோசே, பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களின் சீரத்தை வைத்து முதல் வெள்ளணு அடையாளத்தை (ஆன்டிஜென்) விவரித்தார். இரண்டுமே ரத்த வங்கிக்குத் தெரிந்த நோயாளிகளிடமிருந்து வந்த கண்டுபிடிப்புகள்.

அடுத்த தடை பெரியது. ஒரு தாயின் சீரத்தில் ஓர் ஆன்டிபாடி மட்டும் இருப்பதில்லை; பல கலந்திருக்கும். பத்துப் பேருடைய வெள்ளணுவோடு கலந்தால் ஆறில் திரளும், நான்கில் திரளாது. இன்னொரு சீரம் வேறு ஏழில் திரளும். இந்தக் குழப்பத்திலிருந்து ஒழுங்கைப் பிரித்தெடுக்க வான் ரோட் கணினியை நாடினார். எந்தெந்தச் சீரங்கள் ஒன்றுபோல் நடந்துகொள்கின்றன என்று கணினி அணி பிரித்தது. 1962-ல் 4ஏ, 4பி என்ற இரு அடையாளங்கள் தெளிவாகக் கிடைத்தன. இன்று அவற்றின் பெயர் பிடபிள்யூ4, பிடபிள்யூ6.

தாய்மார்களின் சீரத்தில் கிடைத்த அந்த உண்மை இன்றும் நடைமுறையில் பல இடங்களில் வேலை செய்கிறது. பல பிரசவம் கண்ட பெண்ணின் பிளாஸ்மாவில் எச்.எல்.ஏ. ஆன்டிபாடி இருக்க வாய்ப்பு அதிகம். அது பெறுபவரின் வெள்ளணுக்களைத் தாக்கினால் சில மணி நேரத்தில் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறல் வரும். பிரிட்டன் 2003-ன் இறுதியிலிருந்து நோயாளிக்கு ஏற்றும் பிளாஸ்மாவைக் கூடுமானவரை ஆண் கொடையாளர்களிடமிருந்தே எடுக்கத் தொடங்கியது இதனால்தான். ஸ்டெம் செல்லுக்கும் இது பொருந்தும்: ஒரே அளவு பொருத்தமுள்ள கொடையாளர் இருவர் இருந்தால், பல பிரசவம் கண்ட பெண்ணைவிட இளம் ஆணையே பெரும்பாலும் தேர்வு செய்வார்கள்.

## பிளேட்லெட் ஏற்றியும் எண்ணிக்கை ஏறாதபோது

மாற்று சிகிச்சையில் நோயாளியின் மஜ்ஜையை (எலும்புக்குள் ரத்த அணுக்கள் உற்பத்தியாகும் திசு) கீமோதெரபியாலோ கதிர்வீச்சாலோ முதலில் காலி செய்கிறார்கள். புதிய மஜ்ஜை வேலை தொடங்க இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை நோயாளி வாழ்வது பிறர் கொடுத்த ரத்தத்தில். பிளேட்லெட் ஒரு மைக்ரோ லிட்டருக்கு 10,000-க்குக் கீழே போனால், ரத்தக்கசிவு இல்லாவிட்டாலும் ஏற்றுவது வழக்கம். சிவப்பணுவுக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 7 கிராம் என்ற எல்லையைப் பெரும்பாலானோர் பின்பற்றுகிறார்கள்.

சிலருக்குப் பை பையாக ஏற்றினாலும் பிளேட்லெட் எண்ணிக்கை அசைவதில்லை. ஏன் என்று அறிய ஓர் எளிய கணக்கு உண்டு. ஏற்றி முடித்து 10 நிமிடத்திலிருந்து 1 மணி நேரத்துக்குள் எண்ணிக்கை எடுக்க வேண்டும். உயர்ந்த எண்ணிக்கையை உடலின் மேற்பரப்பளவால் பெருக்கி, பையில் இருந்த பிளேட்லெட்டின் அளவால் (10,000 கோடி ஓர் அலகு) வகுக்க வேண்டும்.

8,000 இருந்தது, ஏற்றிய பின் 35,000 ஆனது என்று வைப்போம். மேற்பரப்பு 1.7 சதுர மீட்டர், பையில் 3 அலகு. 27,000 × 1.7 ÷ 3 = 15,300. இது நல்ல பலன். அதே நோயாளிக்கு 8,000 வெறும் 10,000 ஆகியிருந்தால் விடை சுமார் 1,130. 5,000-க்குக் கீழே இரண்டு முறை அடுத்தடுத்து வந்தால் பிளேட்லெட்டை உடல் ஏற்கவில்லை என்று கொள்கிறார்கள்.

ஒரு மணி நேரத்திலேயே பலன் இல்லை என்றால் முதலில் எச்.எல்.ஏ. ஆன்டிபாடியைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் நன்றாக ஏறி, மறுநாள் சரிந்துவிட்டால் காய்ச்சல், கிருமித் தொற்று, வீங்கிய மண்ணீரல், மருந்து போன்றவை காரணமாக இருக்கலாம். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் மேலும் மேலும் பை தொங்கவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. ஆன்டிபாடி உள்ளவருக்குப் பொருத்தமில்லாத பத்துப் பைகளைவிட எச்.எல்.ஏ. பொருத்தம் பார்த்த ஒரே பை உதவும். அதற்குத்தான் ரத்த வங்கிகள் எச்.எல்.ஏ. வகை தெரிந்த பிளேட்லெட் கொடையாளர்களின் பட்டியலை வைத்திருக்கின்றன.

இந்த ஆன்டிபாடி வராமலே தடுக்க முடியுமா? உடலை உசுப்புவது பிளேட்லெட்டைவிடக் கூட வரும் வெள்ளணுதான். அதை நீக்கிவிட்டு ஏற்றினால் ஆன்டிபாடி குறைகிறது என்று லைடன் குழு 1981-ல் காட்டியது. 1997-ல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு இதை உறுதி செய்தது: வழக்கமான பிளேட்லெட் பெற்றவர்களில் 45 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி வந்தது, வெள்ளணு வடிகட்டிய பிளேட்லெட் பெற்றவர்களுக்கு 17 முதல் 18 சதவீதம். இன்று வடிகட்டிய பையில் அமெரிக்க விதிப்படி 50 லட்சத்துக்குக் குறைவாகவும், ஐரோப்பிய விதிப்படி 10 லட்சத்துக்குக் குறைவாகவும் வெள்ளணு இருக்க வேண்டும். வெள்ளணுவுக்குள் ஒளிந்திருக்கும் சைட்டோமெகலோ வைரஸும் இதனால் பெருமளவு தவிர்க்கப்படுகிறது.

## அக்காவும் தம்பியும் எப்படிப் பொருந்தினார்கள்

எச்.எல்.ஏ. மரபணுக்கள் 6-ஆம் குரோமோசோமில் ஒரே கொத்தாக அமைந்திருக்கின்றன. ஏபிஓ மரபணு 9-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. இரண்டும் தனித்தனியே சந்ததிக்குப் போகும். அதனால் எச்.எல்.ஏ. முழுதாகப் பொருந்திய உடன்பிறப்புகளுக்கு ரத்தப் பிரிவு வேறாக இருப்பது சர்வ சாதாரணம். மாற்று சிகிச்சைகளில் ஏறத்தாழ 30 முதல் 50 சதவீதம் ஏபிஓ வேறுபட்டவர்களுக்கிடையே நடக்கிறது.

எச்.எல்.ஏ. கொத்து தந்தையிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று வருகிறது. ஓர் உடன்பிறப்பு முழுதாகப் பொருந்த 25 சதவீத வாய்ப்பு. இருவர் இருந்தால் அவர்களில் ஒருவராவது பொருந்த 44 சதவீதம், மூவர் இருந்தால் 58 சதவீதம். குடும்பம் சிறியதாக இருந்தால் வாய்ப்பும் சிறியது.

எச்.எல்.ஏ. தெரியாத காலத்தில் என்ன நடந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 1957-ல் அமெரிக்காவில் டோனல் தாமஸ் குழு 6 நோயாளிகளுக்குப் பிறருடைய மஜ்ஜையை ஏற்றியது. ஒருவரும் 100 நாளைத் தாண்டவில்லை. அதே தாமஸ் 1990-ல் நோபல் பரிசு பெறும் அளவுக்கு இந்தச் சிகிச்சை வளர்ந்ததற்கு, இடைப்பட்ட ஆண்டுகளில் பொருத்தம் பார்க்கும் முறை கிடைத்தது ஒரு முக்கியக் காரணம். பிறவியிலேயே நோய் எதிர்ப்பு இல்லாத குழந்தைகளுக்கு, எச்.எல்.ஏ. பார்த்துத் தேர்ந்த உடன்பிறப்பின் மஜ்ஜையை 1968-ல் ஏற்றினார்கள். முதலில் மினியாபொலிஸிலும் பிறகு லைடனிலும் அது வெற்றி பெற்றது. லைடன் குழுவில் வான் ரோட் இருந்தார்.

உடன்பிறப்பு பொருந்தாதவருக்கு என்ன வழி? 1970-ல் வான் ரோட் தொடங்கிய யூரோப்டோனர், உறவில்லாத தன்னார்வலர்களின் எச்.எல்.ஏ. வகையைப் பதிந்து வைத்தது. 1988-ல் பல நாட்டுப் பதிவேடுகளை ஒன்று சேர்த்து உலகக் கொடையாளர் பட்டியலைத் தொடங்கியதிலும் அவருக்கு முதன்மைப் பங்கு உண்டு. இன்று உலகப் பட்டியலில் 4 கோடிக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். எச்.எல்.ஏ. ஆய்வுக்கு 1980-ல் நோபல் பரிசு கொடுத்தபோது டோசே, ஸ்னெல், பெனாசெராஃப் மூவருக்கும் கிடைத்தது. வான் ரோட் பெயர் இல்லை. இரண்டு ஆண்டுக்கு முன் வுல்ஃப் பரிசை டோசே, ஸ்னெல் இருவரோடும் அவர் பகிர்ந்துகொண்டிருந்தார். இருந்தும் ஆய்வகத்தில் கண்டதை நோயாளியின் படுக்கைவரை கொண்டுசேர்க்கும் அமைப்புகளைக் கட்டியதில் அவருக்கு இணையாகச் சொல்ல வெகு சிலரே உண்டு.

பொருத்தத்தை எண்ணில் சொல்வார்கள். எச்.எல்.ஏ. ஏ, பி, சி, டிஆர்பி1 ஆகிய நான்கு இடங்களில் இரண்டிரண்டு என எட்டுக்கு எட்டு. டிக்யூபி1 சேர்த்தால் பத்துக்குப் பத்து. பாதி மட்டும் பொருந்தும் பெற்றோரும் பிள்ளையும்கூட இன்று கொடையாளராகலாம். ஸ்டெம் செல் ஏற்றிய 3, 4-ஆம் நாட்களில் சைக்ளோபாஸ்பமைடு கொடுத்து, நோயாளியின் உடலை எதிர்க்கும் டி அணுக்களை (ஒரு வகை வெள்ளணு) ஒடுக்கும் முறை இதற்குக் கைகொடுத்தது. ஆனால் அங்கே பழைய எதிரி திரும்ப வருகிறது: முன்பு ஏற்றிய ரத்தத்தாலோ பிரசவத்தாலோ கொடையாளரின் எச்.எல்.ஏ.வுக்கு எதிரான ஆன்டிபாடி நோயாளிக்கு இருந்தால், ஸ்டெம் செல் வேர்பிடிக்காமலே போகலாம். தாய்க்குப் பிள்ளை கொடுக்கும்போது இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

## பை எப்படி நிரம்புகிறது

கொடையாளரிடமிருந்து எடுக்க இரண்டு வழிகள்தான் பெரும்பாலும். முதலாவது, ஜி-சி.எஸ்.எஃப். ஊசியைக் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் வீதம் 4, 5 நாள் போட்டு, மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல்லை ரத்தத்துக்கு வரவழைத்து இயந்திரத்தில் பிரிப்பது. ஒரு கையிலிருந்து ரத்தம் வெளியே வரும், மறு கை வழியாகத் திரும்பிப் போகும். 4, 5 மணி நேரம் ஆகும். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் உதட்டோரம் சுருசுருவென்று இருக்கும். கால்சியம் கொடுத்து வேகத்தைக் குறைத்தால் சரியாகும். இரண்டாவது வழி, மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்து மஜ்ஜையை ஊசியால் உறிஞ்சுவது. முதுகுத்தண்டைத் தொடுவதில்லை, அந்தப் பயம் தேவையற்றது. கொடையாளரின் எடையில் கிலோவுக்கு 20 மி.லி. மேல் எடுப்பதில்லை.

போதுமா என்பதை சிடி34 அடையாளமுள்ள அணுக்களை எண்ணிச் சொல்வார்கள். பெறுபவரின் எடையில் கிலோவுக்கு 20 லட்சம் குறைந்தபட்சம். 40 லட்சத்துக்கு மேல் இருந்தால் நிம்மதி. 60 கிலோ நோயாளிக்கு 24 கோடி.

பையை ஏற்றும்போது இரண்டு தவறுகள் நடக்கவே கூடாது. ஒன்று, வெள்ளணு வடிகட்டியைப் பொருத்துவது: அது ஸ்டெம் செல்லையும் பிடித்துக்கொள்ளும். மற்றது, பையைக் கதிரூட்டுவது (கதிர்வீச்சுக்கு உட்படுத்துவது): ஸ்டெம் செல் செத்துவிடும். நோயாளிக்குப் போகும் மற்ற ரத்தப் பைகளுக்கு வடிகட்டலும் கதிரூட்டலும் அவசியம். இந்த ஒரு பைக்கு மட்டும் கூடாது. ஒரே வார்டில் இரண்டும் ஒரே நாளில் நடப்பதால், பையில் ‘கதிரூட்ட வேண்டாம்’ என்ற லேபிளைக் கண்ணில் படும்படி ஒட்டுகிறார்கள்.

## பிரிவு மாறும் மாதங்கள்

ஸ்டெம் செல்லின் மேல் ஏபிஓ அடையாளம் பொருட்படுத்தும் அளவில் இல்லை என்றேன்; அதனால் ஏபிஓ வேறுபாடு அது வேர்பிடிப்பதைத் தடுப்பதில்லை. ஆனால் பையில் ஸ்டெம் செல் மட்டும் வருவதில்லை; சிவப்பணு, பிளாஸ்மா, வெள்ளணு எல்லாம் சேர்ந்து வருகின்றன. தொல்லை அங்கே.

நம் எடுத்துக்காட்டில் அக்கா ஓ, தம்பி ஏ. அக்காவின் பிளாஸ்மாவில் ஆன்டி-ஏ இருக்கிறது. தம்பியின் சிவப்பணுவை அது தாக்கும். இதைச் சிறு வேறுபாடு என்பார்கள். பையைச் சுழற்றிப் பிளாஸ்மாவைக் குறைத்துவிட்டால் உடனடி ஆபத்து நீங்கும். நீங்காதது, பையோடு போகும் அக்காவின் பி லிம்போசைட்டுகள் (ஆன்டிபாடி உருவாக்கும் வெள்ளணு வகை). அவை தம்பியின் உடலில் ஏ அடையாளத்தைக் கண்டு புதிதாக ஆன்டி-ஏ உற்பத்தி செய்யும். ஏற்றிய 5-ஆம் நாளிலிருந்து 15-ஆம் நாளுக்குள், எல்லாம் நன்றாகப் போகிறது என்று நினைக்கும்போது, ஹீமோகுளோபின் சட்டென்று சரியும், சிறுநீர் கறுத்துவரும். அந்த நாட்களில் சிவப்பணு உடைகிறதா என்று காட்டும் ஹீமோகுளோபின், பிலிருபின், எல்.டி.எச்., நேரடி கூம்ப்ஸ் பரிசோதனை நான்கையும் விடாமல் பார்க்க வேண்டியது இதற்காகத்தான்.

தலைகீழாக, கொடையாளர் ஏ, பெறுபவர் ஓ என்றால் பெரு வேறுபாடு. பெறுபவரின் ஆன்டி-ஏ பையிலுள்ள சிவப்பணுவை உடைக்கும். இயந்திரத்தில் பிரித்த பையில் சிவப்பணு கொஞ்சமாக இருக்கும். மஜ்ஜைப் பையில் கால் பங்குக்கு மேலேயே இருக்கலாம் என்பதால் சிவப்பணுவை நீக்கிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். அதன் பிறகும், பெறுபவரின் பழைய பிளாஸ்மா அணுக்கள் மாதக் கணக்கில் உயிரோடிருந்து ஆன்டி-ஏ செய்துகொண்டே இருக்கலாம். வெள்ளணு வந்துவிடும், பிளேட்லெட் வந்துவிடும், சிவப்பணு மட்டும் வராது. நோயாளி ரத்தம் ஏற்றிக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு பையிலும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உடலுக்குள் போகும். உடல் இயல்பாக வெளியேற்றுவது நாளுக்கு 1, 2 மில்லிகிராம்தான்.

எந்தப் பிரிவு ரத்தம் ஏற்றுவது? சிவப்பணு இருவருடைய ஆன்டிபாடிக்கும் தப்ப வேண்டும். பிளாஸ்மா இருவருடைய சிவப்பணுவையும் தொடக் கூடாது. இந்த ஒரே விதியிலிருந்து மீதி எல்லாம் வரும்:

1. கொடையாளர் ஓ, பெறுபவர் ஏ: சிவப்பணு ஓ, பிளேட்லெட்டும் பிளாஸ்மாவும் ஏ அல்லது ஏபி.
2. கொடையாளர் ஏ, பெறுபவர் ஓ: சிவப்பணு ஓ; பிளேட்லெட்டும் பிளாஸ்மாவும் ஏ அல்லது ஏபி.
3. கொடையாளர் ஏ, பெறுபவர் பி: இருவழி வேறுபாடு. சிவப்பணு ஓ, பிளாஸ்மா ஏபி.

இந்த மாற்றத்தை ஸ்டெம் செல் ஏற்றும் நாளில் தொடங்கினால் தாமதம். மஜ்ஜையைக் காலி செய்யத் தொடங்கும்போதே தொடங்க வேண்டும்.

## வீட்டார் ரத்தம் ஏன் கூடாது

இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டாவதுதான் உயிரைக் குடிப்பது.

முதல் காரணம், உசுப்பல். எச்.எல்.ஏ. முழுதாகப் பொருந்திய உடன்பிறப்புகளுக்கிடையிலும் சின்னச் சின்ன அடையாளங்கள் வேறுபடும். அக்காவின் ரத்தத்தை முன்கூட்டியே ஏற்றினால் தம்பியின் உடல் அவற்றைப் பழகி எதிரியாகக் குறித்துக்கொள்ளும். பிறகு அதே அக்காவின் ஸ்டெம் செல் வரும்போது விரட்டிவிடும். மஜ்ஜை செயலிழந்த ஏபிளாஸ்டிக் அனீமியா நோயாளிகளிடம் இந்த நிராகரிப்பு அதிகம்.

இரண்டாவது, ஏற்றிய ரத்தத்திலுள்ள லிம்போசைட்டுகள் பெறுபவரின் உடலிலேயே குடியேறித் தாக்குவது. சாதாரணமாகப் பெறுபவரின் எதிர்ப்புச் சக்தி அவற்றை அழித்துவிடும். அழிக்க முடியாத நிலை இரு விதமாக வரும். மாற்று சிகிச்சையில் இருப்பவரைப் போல எதிர்ப்புச் சக்தியே இல்லாமலிருப்பது ஒன்று. மற்றது உறவினரிடம் வரும். எச்.எல்.ஏ. கொத்துகளை க, ச என்று வைப்போம். கொடுப்பவருக்கு இரு பக்கமும் க-க, பெறுபவருக்கு க-ச. பெறுபவரின் உடல் கொடுப்பவரின் அணுவைப் பார்த்தால் ‘க’ மட்டும் தெரியும். தன்னுடையது என்று விட்டுவிடும். கொடுப்பவரின் லிம்போசைட்டோ பெறுபவரிடம் அந்நியமான ‘ச’வைக் காண்கிறது, தாக்கத் தொடங்குகிறது. ஒரே கொத்தைப் பகிரும் ரத்த உறவினரிடையே இப்படி அமையும் வாய்ப்பு வெளியாரைவிட அதிகம். அதனால் பெறுபவரின் எதிர்ப்புச் சக்தி நன்றாக இருந்தாலும், உறவினர் ரத்தம் என்றால் கதிரூட்டியே தர வேண்டும் என்பது விதி.

ஏற்றிய ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், தோல் தடிப்பு, வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை வரும். ஸ்டெம் செல் மாற்றுக்குப் பின் வரும் வழக்கமான ஒட்டு எதிர் நோயில் (கொடையாளரின் அணுக்கள் பெறுபவரின் உடலைத் தாக்கும் நோய்) மஜ்ஜை கொடையாளருடையது என்பதால் பெரும்பாலும் தப்பும். இங்கே மஜ்ஜையும் பெறுபவருடையது, அதுவும் அழிந்துபோகும். பாதிக்கப்பட்டவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் இறக்கிறார்கள். பலன் தரும் சிகிச்சை ஏறத்தாழ இல்லை.

தடுப்பது எளிது. பையின் மையத்தில் 25 கிரே (கதிர்வீச்சின் அலகு) அளவு கதிரூட்டினால் லிம்போசைட் பெருக முடியாது. வெள்ளணு வடிகட்டி இதற்கு மாற்றாகாது. வடிகட்டிய பிறகு எஞ்சும் சில லட்சம் அணுக்களை நம்பி விட முடியாது. கதிரூட்டிய சிவப்பணுவிலிருந்து பொட்டாசியம் கசியும் என்பதால் நாள் கணக்கு உண்டு: அமெரிக்க விதிப்படி அதிகபட்சம் 28 நாள், பிரிட்டிஷ் விதிப்படி 14 நாள். பிளேட்லெட்டின் ஆயுள் குறைவதில்லை. உறைய வைத்த பிளாஸ்மாவைக் கதிரூட்டத் தேவையில்லை.

## மாறிய பிறகும் மாறாதது

நூறு நாளைத் தாண்டித் தம்பியின் பழைய ஏ சிவப்பணுக்கள் தீர்ந்துபோகின்றன. ஆய்வகத்தில் அவருடைய ரத்தத்தை முன்முறையில் சோதிக்கிறார்கள்: ஆன்டி-ஏ சொட்டில் திரளவில்லை, ஆன்டி-பி சொட்டிலும் திரளவில்லை. ஓ பிரிவு. பின்முறையில் அவருடைய பிளாஸ்மாவை ஏ, பி அணுக்களோடு கலக்கிறார்கள். ஓ பிரிவினரின் பிளாஸ்மா இரண்டையும் திரள வைக்க வேண்டும். இங்கே பி மட்டும் திரள்கிறது. ஏ குழாய் அசையாமல் நிற்கிறது. முன்முறை ஓ என்கிறது, பின்முறை ஏ என்கிறது.

இது ஆய்வகப் பிழை இல்லை. சிவப்பணு ஓ ஆகிவிட்டாலும் தம்பியின் ரத்தக் குழாய்ச் சுவரும் திசுக்களும் வாழ்நாள் முழுவதும் ஏ அடையாளத்தோடுதான் இருக்கும். புதிய எதிர்ப்பு மண்டலம் அதைத் தன் வீடாக ஏற்றுக்கொண்டதால் ஆன்டி-ஏ உருவாக்கவில்லை. மரபணுப் பரிசோதனையிலும் இதே இரட்டை நிலை: ரத்தத்தில் அக்காவின் டி.என்.ஏ., முடி வேரில் தம்பியுடையது. கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்தெடுத்தால் வெள்ளணு கலந்து இரண்டும் வரும்.

மாற்று சிகிச்சை நடந்தது தெரியாத இன்னொரு மருத்துவமனைக்கு அவசரமாகப் போகும் நாளில் இது சிக்கலாகும். வேறொருவரின் மாதிரி மாறி வந்துவிட்டதோ என்று ஆய்வகம் சந்தேகிக்கும். அந்தச் சந்தேகம் நியாயமானது. “ஓ பிரிவு” என்று மட்டும் நம்பி ஓ பிளாஸ்மாவை ஏற்றினால் அதிலுள்ள ஆன்டி-ஏ அவருடைய திசுக்களைத் தொடும். ஆகவே கையில் வைத்திருக்கும் அட்டையில் இவை இருக்க வேண்டும்:

1. மாற்று சிகிச்சை நடந்த தேதி. கொடையாளர் உடன்பிறப்பா, வேறொருவரா.
2. பழைய ரத்தப் பிரிவு, கொடையாளரின் பிரிவு, கடைசியாகச் சோதித்தபோது வந்த பிரிவு.
3. சிவப்பணுவுக்கு எந்தப் பிரிவு, பிளேட்லெட்டுக்கும் பிளாஸ்மாவுக்கும் எந்தப் பிரிவு என்று தனித்தனியாக.
4. கதிரூட்டிய ரத்தம் இன்னும் தேவையா. எதிர்ப்புச் சக்தியை ஒடுக்கும் மருந்து நின்று, லிம்போசைட் எண்ணிக்கை மீண்டு, ஒட்டு எதிர் நோய் இல்லாமல் ஆறு மாதமாவது போகும்வரை தேவை. ஃப்ளூடராபின் போன்ற மருந்து பெற்றவர்களுக்குக் காலவரையின்றித் தேவைப்படலாம்.
5. எச்.எல்.ஏ. ஆன்டிபாடி கண்டறியப்பட்டிருந்தால் அது. பிளேட்லெட்டுக்குப் பொருத்தம் பார்க்க வேண்டுமா என்பது.
6. சிகிச்சை அளித்த ரத்த வங்கியை இரவிலும் அழைக்கக்கூடிய எண்.